கோல்கி டாக்டர்

அந்த மரபணு டாக்டருக்கு வழுக்கைத் தலை. எதைச் சொல்லும் முன்பும் என் இரண்டு வயது மகளிடம், "மேடம், அம்மாகிட்ட சொல்லலாமா?" என்று அனுமதி கேட்பார். பரிசோதனை முடிவு வந்த அன்றும் அவள் தலையாட்டிய பிறகுதான் ஆரம்பித்தார்.

"செல்லுக்குள்ள புரதங்களைப் பொட்டலம் கட்டி அனுப்புற இடம் கோல்கிங்க. அங்க வேலை செய்யற ஒரு புரதத்துக்கான மரபணுவுல கோளாறு. அதான் மேடத்துக்குப் பொறந்ததுலேருந்தே தோல் சுருங்கியிருக்கு. எலும்பை ஜாக்கிரதையா பாத்துக்கணும். அறிவுல மேடம் கெட்டி."

"மாசமா இருந்தப்ப கிரிவலத்தைப் பாதியில விட்டுட்டு ஆட்டோ ஏறிட்டேன் சார். அதனாலயா?"

வாய்விட்டுச் சிரித்தார். "ஆட்டோ பாவங்க! நீங்களும் உங்க வீட்டுக்காரரும் பொறந்தப்பவே உள்ள இருந்தது இது. யார் மேலயும் தப்பில்ல."

அவருக்குச் சாமி நம்பிக்கை உண்டா, தெரியாது. அன்று அண்ணாமலையார் சந்நிதியில், இரண்டு வருடத்தில் முதல்முறையாக, நான் மன்னிப்புக் கேட்காமல் கும்பிட்டேன்.