காகிதத்துல ஓட்டுன பிளேன்

எம்பட பேத்தி பிளேன் ஓட்டற வேலைக்குச் சேர்ந்த புதுசுங்க. கம்பெனியில பரீட்சை வெப்பாங்களாமா, தேறலைன்னா ஊட்டுக்கு அனுப்பிருவாங்களாமா. அதுக்காவ பிளேன்ல இருக்கற சுச்சு பூராவும் அச்சடிச்ச பெரிய காகிதத்தைத் தலைச்சோலை காப்பி எஸ்டேட்டுல எங்க லைன் ஊட்டுச் செவுத்துல ஒட்டிட்டு, ஸ்டூல்ல உக்காந்து ஒண்ணொண்ணாத் தொட்டுத் தொட்டுப் பழகுவா. எனக்கு எழுத்துத் தெரியாதுங்க. ஆனாப் பாத்துப் பாத்தே வரிசை மனசுல ஏறிருச்சு. அவ ஒண்ணை விட்டுட்டா, "கண்ணு, மூலையில அந்தச் செவப்பு!"ன்னு கத்துவேன். அடுப்புல கொழம்பு தீஞ்ச நாளும் உண்டு, அது கெடக்கட்டும்.

ஒருநா கூலிக் கணக்கு எழுதற எஸ்டேட்டு ரைட்டர் எட்டிப் பாத்துட்டு, "காப்பி பறிக்கறவ பேத்தி காகிதத்துல பிளேன் ஓட்டறாடோய்!"ன்னு லைன் பூரா கேக்கச் சிரிச்சாரு. புள்ள அன்னைக்குச் சோறு திங்கல. நான் மறக்கவே இல்லைங்க.

பேத்தி தேறிட்டா. அப்பறம் ஒருக்கா, ரைட்டர் பிளேன்ல மெட்ராஸ் போறாருன்னு கேள்விப்பட்டு, எந்த நாளுன்னு அவரு சம்சாரத்துகிட்ட நைசா வாங்கிட்டேன். பேத்திக்குப் போன் போட்டா, அன்னைக்கு ஓட்டறதே அவதானாம்! எனக்கும் அதுலயே டிக்கெட்டுப் போடச் சொன்னேன்.

சேலத்துல ஏறுனா, அவரு எனக்கு முன்னாடி சீட்டு. கெளம்பறப்ப ஸ்பீக்கர்ல எம்பேத்தி தம் பேரைச் சொல்லி வணக்கம் வெச்சா. மனுசன் பெல்ட்டை இறுக்கிப் புடிச்சாரு பாருங்க! நான் காதுகிட்டக் குனிஞ்சு, "ஏனுங்க ரைட்டரே, பயப்படாதீங்க. காகிதத்துல நொம்ப நல்லா ஓட்டுவா"ன்னேன்.

மெட்ராஸ் வர்ற வரைக்கும் அவரு திரும்பவே இல்ல. நான் மேகத்தைப் பாத்துட்டு முட்டாயி சப்பிட்டே போனேன்.