மூட்டக் காலத்துக் கரண்டு

தேயிலைத் தோட்டத்தை ஒட்டிய எங்கள் சிறிய வீட்டின் கூரையில் சோலார் தகடுகள் போட்டே ஆக வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தவள் என் மனைவி.

"குளிரு இதுக்கு நல்லதுதான்க்கா. மூட்டந்தான் ஆகாது," என்றார் பொருத்த வந்தவர். முதல் பாதி மட்டும்தான் அவள் காதில் விழுந்தது.

வெயில் மாதங்களில் குறையொன்றும் இல்லை. கார்த்திகை மழை தொடங்கியதும் மூட்டம் இறங்கி எதிர்வீட்டையே மறைத்தது. தகடுகள் தரும் கரண்டின் கணக்கைக் கைப்பேசியில் பார்க்கும்போதெல்லாம் அவள் முகம் வாடும். "பாவங்க, காலையிலேர்ந்து ஒண்ணுமே ஏறல," என்பாள், பிள்ளை சாப்பிடாததைச் சொல்வதுபோல. மழை விட்ட நேரத்தில் ஏணி வைத்து ஏறி, தகடுகளில் ஒட்டிய இலைகளைத் துடைத்தாள். ஏணியைப் பிடித்தபடி, "அப்படியே மேகத்தையும் தொடச்சிட்டு வா லா," என்றேன். ஈரத்துணி என் தலையில் வந்து விழுந்தது.

அந்த மழையில்தான் ஒரு காலை மண் சரிந்து, திரிங்காப் ஊருக்குப் போகும் சாலையும் மின்கம்பமும் சேர்ந்து போயின. கரண்டு நின்றது. கொஞ்ச நேரத்தில் எதிர்வீட்டுப் பெண் நனைந்தபடி ஓடி வந்தாள்.

"அண்ணே, அப்பாவுக்கு இழுப்பு வந்துருச்சு. மருந்து மிஷினுக்குக் கரண்டு இல்ல. கிளினிக்குக்குப் போகவும் ரோடு இல்லண்ணே!"

அவள் அப்பா தேயிலை ஆலையில் வேலை செய்து ஓய்வு பெற்றவர். குடை பிடித்து, மிஷினோடு அவரைக் கைத்தாங்கலாக எங்கள் வீட்டுக்கு அழைத்து வந்தோம். சோலார் கரண்டைச் சேர்த்து வைக்கும் எங்கள் பேட்டரியில் மிச்சம் கொஞ்சம்தான் இருந்தது. என் மனைவி வீடு முழுக்க நடந்து ஒவ்வொரு பிளக்காகப் பிடுங்கினாள். ஐஸ் பெட்டியையும் விடவில்லை.

"மீனு கெட்டுப்போயிருமே," என்றேன்.

"வெளியவே ஐஸ் பெட்டி மாதிரிதான் இருக்கு. வாசல்ல வைங்க."

மிஷின் உறுமத் தொடங்கியது. புகைபோல் வந்த மருந்தை அவர் இழுக்க இழுக்க, ஏறி இறங்கிய தோள்கள் மெல்ல அடங்கின. என் மனைவி ஒரு கையால் அவர் முதுகைத் தடவியபடி, மறு கையில் கைப்பேசியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். வெள்ளையாய் மூடிக் கிடந்த அந்தப் பகலிலும் தகடுகள் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுத்துக்கொண்டிருந்தன. பேட்டரி இறங்கவில்லை. அவள் கண் கலங்கியதைப் பார்த்தேன், பார்க்காததுபோல் இருந்துகொண்டேன்.

பெரியவர் முகமூடியை விலக்கினார். "சூரியனையே காணோம், எப்படிம்மா ஓடுது?"

"கொஞ்சம் வெளிச்சம் இருந்தா போதும் மாமா. நீங்க பேசாம இழுங்க."

மதியமும் மாலையும் அதே மிஷின் ஓடியது. இரவு எங்கள் கூடத்திலேயே படுத்துக்கொண்டார். மறுநாள் கரண்டு வந்ததும் மகள் வாசலில் நின்று கூப்பிட்டாள்.

"அப்பா, வீட்டுல லைட்டு வந்துருச்சு. வாங்க போலாம்."

அடுப்பில் மீன் குழம்பு கொதித்துக்கொண்டிருந்தது. அவர் நாற்காலியை விட்டு அசையவில்லை.

"நீ போய் வெளக்கணைச்சிட்டு வாம்மா," என்றார். "சேந்து சாப்பிடலாம்."