அம்மாவின் உச்சியில் தெரியும் வெள்ளை

எங்கள் அம்மா இறம்பொடைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் பிறந்தார். பள்ளிக்கூட வாசலை மிதித்ததில்லை. சிறு வயதிலேயே கொழுந்துக் கூடையை மாட்டிவிட்டார்கள். முதுகில் தொங்கும் கூடையின் முழுப் பாரத்தையும் உச்சந்தலையில் போடும் கயிறுதான் தாங்கும். கல்யாணமாகித் தலவாக்கலைப் பக்கம் வந்தும் அதே கூடை, அதே கயிறு. அப்பா நெஞ்சு வலியென்று தோட்டத்து மருந்துக்காரரிடம் போனார். வயிற்றுவலிக்குக் கொடுக்கும் தண்ணி மருந்தையே கொடுத்து அனுப்பினார்கள். வந்து படுத்தவர் எழவில்லை. கூடையைச் சுமந்தே அம்மா எங்களை வளர்த்தார். இலங்கைக்குச் சுதந்திரம் வந்தது. இங்கேயே பிறந்த அம்மாவை இந்த நாட்டாள் இல்லை என்றார்கள். மறுநாள் காலையிலும் வேலைக்கு ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்கு ஆள் வேண்டியிருந்தது, அம்மா போனார். கயிறு தேய்த்துத் தேய்த்து உச்சியில் உள்ளங்கையளவு இடம் முடியில்லாமல் பளபளத்தது.

அம்மாவுக்கு இருப்பது ஒரே படம். என் தங்கச்சி கல்யாணத்தன்று உச்சி வெயிலில் எங்கள் லயத்து வீட்டு வாசலில் எடுத்தது. கூச்சத்தில் தலையைக் குனிந்திருந்தார். வெயில் அடித்ததில் ஒரு கன்னம் வெள்ளைத் தாளாகிவிட்டது. அம்மாவின் இந்த நினைவு மலருக்காக, படமெடுத்த தலவாக்கலை ஸ்டூடியோக்காரரிடமே போனேன். நெகட்டிவ் இருந்தது. கன்னத்தில் மட்டும் கூடுதல் நேரம் வெளிச்சம் விட்டுப் புதுப் பிரதி போட்டார். மிச்ச வெள்ளையை மெல்லிய தூரிகையால் சாம்பல் மை தொட்டுப் புள்ளி புள்ளியாக நிரப்பினார். கன்னம் திரும்பி வந்தது. கூடவே தலை நிறைய முடியும் வந்தது.

“இது யாருங்க?” என்றேன்.

“ஒங்கம்மாதாங்க தம்பி. உச்சியிலயும் வெயில் அடிச்சி வெள்ளையாப் போயிருந்திச்சி. அதையும் சரி பண்ணிட்டேன்.”

“அது வெயில் இல்லீங்க. கூடைக் கயிறு.”

படத்தை வீட்டுக்குக் கொண்டுவந்தேன். மாமாவுக்கு ஒரே சந்தோஷம். “விடுங்க மருமகனே, அக்கா தொரசாணி மாதிரி இருக்கு. ஒங்களுக்கு ஏன் எரியுது?”

அம்மாவின் தங்கை, எங்கள் சித்தி, கத்தினார்: “அக்கா ஒரு நாளாவது தலைத்துணி இல்லாம மலைக்குப் போயிருக்கா? செத்த பெறகு நீ தொறந்து காட்டப் போறியா?”

“படம் புடிக்கையில துணிய எடுத்தது யாரு சித்தி? மூடிக்கங்கன்னு தங்கச்சி சொன்னா. ‘இதால சொமந்துதாண்டி ஒன்னையக் கட்டிக் குடுக்குறேன், எதுக்கு மூடணும்’னு அம்மா கேட்டுச்சி. நீங்க பக்கத்துலதான நின்னீங்க?”

சித்தி படத்தை வாங்கிப் பார்த்தார். அவரும் கொழுந்தெடுப்பவர்தான். “சரி, போடு. நான் செத்தா எனக்கு மட்டும் முடி வரஞ்சிடு” என்றார். மாமாகூடச் சிரிக்கவில்லை.

கடைசி நாட்களில் அம்மாவால் கழுத்தைத் திருப்ப முடியவில்லை. அவருக்குக் கஞ்சி ஊட்டிய பக்கத்துக் காம்பரா வீட்டினருக்கும், சேற்றில் வழுக்காமல் பாடை சுமந்த இளைஞர்களுக்கும், கன்னத்தை மட்டும் சரிசெய்து மறுபடி பிரதி போட்டுத் தந்த ஸ்டூடியோக்காரருக்கும் நன்றி. அம்மா இறந்த அன்றும் காலைக் கொழுந்து நிறுவை முடிந்த பிறகே சனத்தைச் சாவு வீட்டுக்கு விட்ட தோட்டத்துக்கு நான் நன்றி சொல்ல மாட்டேன்.

இம்மலரைப் பெறும் உறவுகளுக்கு ஒரு வேண்டுகோள். அம்மாவின் உச்சியில் தெரியும் வெள்ளையை அச்சுப் பிழையென்று நினைத்து யாரும் மை தொட்டு நிரப்பிவிடாதீர்கள்.