பாதிப் புத்தகம்

இன்று நெடுங்காடு பஸ்ஸில் தாவரவியல் மாணவிகள் இருவர் ஒரே போனைப் பார்த்து இயற்பியல் படித்துக்கொண்டு வந்தார்கள்.

“நமக்கு எதுக்குடி பிசிக்ஸு?”

எண்பதுகளில் தாவரவியல் வகுப்பில் நானும் மல்லிகாவும் கேட்ட அதே கேள்வி. கல்லூரி திறப்பதற்குள் படித்துவிடலாம் என்று, இருவரும் சேர்ந்து ஒரு புத்தகம் வாங்கி, பிளேடால் இரண்டாக அறுத்தோம். முன்பாதி எனக்கு, பின்பாதி அவளுக்கு. முடித்ததும் மாற்றிக்கொள்வதாகப் பேச்சு.

அதற்குள் அவளுக்குக் கல்யாணம்.

“காலேஜ் தொறந்ததும் அனுப்புறோம்னு மாப்பிள்ளை வீட்ல சொல்லியிருக்காங்கடி. இது எங்கிட்டயே இருக்கட்டும்” என்று பின்பாதியைப் பெட்டியில் வைத்து எடுத்துப்போனாள்.

அவர்கள் அனுப்பவே இல்லை.

என் பாதியின் கடைசி வரி இன்னும் முடியாமல் நிற்கிறது: “ஒளி நீருக்குள் நுழையும்போது”.

மீதி கூகுளில் இருக்கும், தெரியும். மல்லிகா எங்கே இருக்கிறாள் என்று தெரிந்தவர்கள் மட்டும் சொல்லுங்கள்.