மஜீது பாய் தவணை வாங்கிய இலுப்பை

லப்பைக்குடிக்காட்டிலிருந்து போன் வந்தது. "வாப்பா மௌத்தாயிட்டாங்க சார். அசர் தொழுகைக்கு அடக்கம்" என்றார் மஜீது பாயின் மகன். துபாயிலிருந்து விடுப்பில் வந்திருந்தவர். நான் அரியலூரில் பஸ் பிடித்துப் போய்ச் சேர்வதற்குள் அடக்கம் முடிந்திருந்தது.

மரக்கடை மஜீது பாயை இந்த வட்டாரத்தில் வீடு கட்டிய பலரும் அறிவார்கள். அவர் வெட்டிச் சாய்த்த மரங்கள் ஏராளம். அதை மறைத்துப் புகழ்ந்தால் அவரே சிரித்திருப்பார்.

பல வருடங்களுக்கு முன் செந்துறைப் பக்கம் ஒரு கிராமத்தில் கும்பாபிஷேகம் வந்தது. ஏரிக்கரையில் நின்ற பெரிய இலுப்பையை வெட்டிவிட்டு, அங்கே யாகசாலைப் பந்தல் போட முடிவு செய்தார்கள். மரத்தை விலைக்கு எடுத்தவர் பாய். மாசி மாதம் ஆட்களோடு போனவர், உச்சிக்கிளையில் கருடன் கூட்டையும் இரண்டு குஞ்சுகளையும் பார்த்ததும் கயிற்றைச் சுருட்டச் சொல்லிவிட்டார். திருப்பணி பற்றிப் பத்திரிகையில் எழுத நானும் அன்று அங்கே போயிருந்தேன்.

"என்னா பாய், எங்க கருடன் மேல உங்களுக்கு இம்புட்டுப் பாசம்?" என்று விழாக்குழுத் தலைவர் கேலியாகக் கேட்டார்.

"எனக்கு இல்லைங்க தலைவரே, உங்களுக்குத்தான் வேணும். கலசத்துல தண்ணி ஊத்துறப்ப அது வரலைன்னா, அண்ணாந்து யாரைப் பாத்துக் கன்னத்துல போட்டுக்குவீங்க? என்னையவா?"

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். தலைவர் சிரிக்கவில்லை. "வேற ஆளுக்கு வுட்டுடுவோம், பாத்துக்குங்க" என்றார்.

"குஞ்சு பறக்கட்டுங்க. மறுநாளே நான் வந்து வெட்டித் தரேன்."

அரைமனதாக ஒப்புக்கொண்டார்கள். அதன் பிறகு பாய் அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் எனக்குப் போன் வரும். "இறக்கையை அடிச்சு அடிச்சுப் பாக்குதுங்க சார். இன்னும் தைரியம் வரல."

பங்குனி பிறந்ததும் குஞ்சுகள் பறந்தன. சொன்னபடி பாய் மரத்தை வெட்டினார். மரத்தையும் விட்டுவைக்கச் சொல்லிக் கேட்டிருக்கலாமே என்றேன். "கேட்டேன் சார். குஞ்சுக்குத்தான் தவணை குடுத்தாங்க. மரத்துக்குக் குடுக்கல."

கும்பாபிஷேகத்தன்று கூட்டம் வானத்தைப் பார்த்தபடி நின்றது. கருடன் வந்தது. ஒன்றல்ல, இரண்டு. "கருடா! கருடா!" என்று ஊரே கூவியது. தலைவர் கண் கலங்கிப் போய் பாயின் கையைப் பிடித்துக்கொண்டார். "வந்துட்டாருங்க பாய்!"

பாய் தலையை மட்டும் ஆட்டினார். பஸ்சுக்கு நடக்கும்போதுதான் என்னிடம் சொன்னார்: "அது கோபுரத்தைச் சுத்தல சார். நல்லாப் பாருங்க, மரம் நின்ன எடத்தைச் சுத்துது."

திரும்பிப் பார்த்தேன். இரண்டும் ஏரிக்கரைப் பந்தலுக்கு மேலே வட்டமிட்டுக்கொண்டிருந்தன.

அந்த ஏரிக்கரையில் அதன் பிறகு கருடன் கூடு கட்டவில்லை. கூடு உள்ள மரத்துக்குப் பாய் அதன் பின் விலை பேசியதும் இல்லை. "மரக்காரன் அடியைத்தான் அளப்பான். நான் இப்ப மொதல்ல அண்ணாந்து பாக்குறேன்" என்பார். மற்ற மரக்கடைக்காரர்களிடமும் சொல்லிப் பார்த்தார். சிலர் கேட்டார்கள். பலர், "பாய்க்கு வயசாயிடுச்சு" என்றார்கள்.

கடைசி வருடங்களில் அவர் நடமாட்டம் குறைந்தது. போனில் நலம் விசாரிப்பதற்கு முன்பே கேட்பார்: "ஏரிப்பக்கம் போனீங்களா? வந்துச்சா?" இல்லை என்று சொல்வது எனக்குக் கடினமாக இருக்கும். "சரி, வுடுங்க. அடுத்த வருஷம் பாப்போம்" என்று அவரே எனக்கு ஆறுதல் சொல்வார்.

அவர் அறுத்துக் கொடுத்த மரம் பலர் வீட்டில் கதவாக நிற்கிறது. எனக்கு அவர் விட்டுப்போனது ஒரு பழக்கம். வானத்தில் கருடனைக் கண்டால் என் கண் அதோடு நிற்பதில்லை. கீழே இறங்கி, அது போய் உட்கார ஒரு மரம் இருக்கிறதா என்று தேடுகிறது.