அவன் அடிக்க வேண்டிய ஒரு அடி

எனக்கு ஒரு ஜெர்மன் பாட்டின் மேல் பொறாமை. ஆட்கள் மேல் பொறாமைப்படுகிறவர்களை நிறையக் கண்டிருக்கிறேன். பாட்டின் மேல் பொறாமைப்பட்ட விசரன் நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

மூன்று பேர் சேர்ந்து செய்த பழைய பாட்டு அது. பிள்ளைகளுக்கு விளையாட வாங்கிக் கொடுக்கும் அளவில் ஒரு சின்னக் கீபோர்ட், அதில் பொத்தானை அமத்தினால் தானாக ஓடும் ஒரு தாளம், ஒரு கிட்டார், நின்றபடியே அடிக்கும் இரண்டு மூன்று டிரம். அவ்வளவுதான் சாமான். இருக்கிற கொஞ்சச் சொல்லையும் திருப்பித் திருப்பிச் சொல்வார்கள். பாடுகிறவரின் முகத்தில் பஸ்சுக்கு நிற்கிறவனின் முகத்தில் உள்ள உணர்ச்சிகூட இராது. அகதி விடுதிச் சமையலறையில் அதை முதன்முதல் கேட்டபோது வானொலி பழுதாகிவிட்டதென்று நினைத்துத் தட்டிப் பார்த்தேன். அந்தப் பாட்டு உலகம் முழுக்கப் போனது. அவர்களுடைய வேறு எந்தப் பாட்டும் அப்படிப் போனதாக நான் அறியவில்லை. ஒன்று போதும் என்று இருந்துவிட்டார்கள் போலும்.

நான் ஜெர்மனியில், வுப்பர்டால் நகரில், ஒரு தமிழ் இசைக்குழுவின் கீபோர்ட்காரன். வார நாட்களில் ஆஸ்பத்திரிச் சமையலறை, சனி ஞாயிறுகளில் கல்யாணவீடு, பெண்பிள்ளை பெரியவளானதைக் கொண்டாடும் சாமத்தியவீடு. ஒன்றின் மேல் ஒன்றாக இரண்டு கீபோர்ட் வைத்திருக்கிறேன். நாதஸ்வரம் வேண்டுமா, இருக்கிறது. முப்பது வயலின் சேர்ந்து அழ வேண்டுமா, அதுவும் இருக்கிறது. இவ்வளவையும் வைத்துக்கொண்டு என்னைத் தெரிந்த ஊர்கள் எத்தனை? இங்கேயிருந்து பக்கத்துக் கொலோன் நகரம் வரைக்கும். அவ்வளவுதான்.

எங்கள் வேலையில் ஒரு சட்டம் உண்டு. மண்டபத்தில் சத்தம் நிற்கக் கூடாது. தாலி கட்டும்போது கெட்டிமேளம் கொட்டுவது எதற்கு? யாராவது தும்மினாலோ, கூடாத சொல் ஒன்று சொன்னாலோ மணவறையில் இருப்பவர்களின் காதில் விழக்கூடாது என்பதற்குத்தான். மேளகாரர் கிடைக்காத கல்யாணங்களில் அந்தக் கெட்டிமேளத்தையும் நான்தான் கீபோர்டில் வாசித்திருக்கிறேன். அந்தப் பயம் கையில் ஊறிவிட்டது. பாடகர் மூச்சு வாங்கினால் ஒரு புல்லாங்குழல் போடுவேன். மைக் கை மாறினால் ஒரு வயலின். "அண்ணை கையெடுத்தால் கரண்ட் போனமாதிரி" என்று சனம் சொல்லும். எனக்கு அதில் சரியான பெருமை.

எங்கள் டிரம்ஸ்காரன் மன்னார்க்காரன், என்னைவிட ஆறு வயது இளையவன், பாண் சுடும் தொழிற்சாலையில் வேலை. இருபது வருடமாக என் முதுகுக்குப் பின்னால், பூச்சோடனைக்கும் ஸ்பீக்கர் பெட்டிக்கும் நடுவில் இருந்து அடித்தவன். சபைக்கு அவனைத் தெரியாது. நானும் திரும்பிப் பார்ப்பதில்லை. அவன் அங்கே இருக்கிறான் என்பது என் முதுகுக்குத் தெரியும், அது போதும். அவன் இல்லாமல் ஒரு கல்யாணம்கூட நான் வாசித்ததில்லை.

போன வைகாசியில் ஒரு சாமத்தியவீட்டுக்குச் சாமான் இறக்கும்போது சொன்னான்.

"அண்ணை, ஆடியில ஒரு சனிக்கிழமை எனக்கு டெர்மின் இருக்கு. வர ஏலாது."

"என்ன டெர்மின், பல் டொக்டரிட்டயோ?"

"இல்லையண்ணை. வேலையிடத்துக் கொண்டாட்டம். ரெண்டு ஜெர்மன்காரரோட சேர்ந்து ஒரு பாட்டு அடிக்கிறன்."

எந்தப் பாட்டு என்று கேட்டேன். சொன்னான். எனக்கு நெஞ்செல்லாம் பற்றிக்கொண்டு வந்தது.

"அதுவும் ஒரு பாட்டோ? அதுக்கு நீ எதுக்கு? ஒரு தகரத்தைத் தட்டினால் காணாதோ!"

"மூண்டு டிரம்தான் அண்ணை. வந்து பாருங்கோவன்" என்று சிரித்தான். அந்தச் சிரிப்பை நான் இருபது வருடத்தில் கண்டதில்லை.

போனேன். போகாமல் இருக்க முடியவில்லை. கிட்டார் வாசிக்கும் ஜெர்மன்காரரின் கராஜில் ஒத்திகை. இவன் நின்றபடி அடித்தான். எங்களோடு எப்போதும் குனிந்து இருப்பவன், அங்கே நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நின்றான். பாட்டின் நடுவில் அவர்களாகவே ஓர் இடம் சேர்த்திருந்தார்கள். எல்லாரும் நிறுத்திவிட்டு, நாலு எண்ணும் நேரம் சும்மா நிற்பார்கள். சத்தமே இராது. பிறகு அவன் தனியாக ஒரே ஒரு அடி அடிப்பான். அதன் பிறகு பாட்டு தொடரும். அந்த அடியைக் கேட்டதும் மற்ற இரண்டு பேரும் ஒவ்வொரு தடவையும் அவனைப் பார்த்துத் தலையாட்டினார்கள். நான் ஒரு நாளாவது அவனைப் பார்த்துத் தலையாட்டியிருக்கிறேனா? வீட்டுக்கு வந்து மனைவியிடம், "அவனை இவங்கள் கொத்திக்கொண்டு போகப்போறாங்கள்" என்றேன். "உங்களுக்கு விசர்" என்றாள்.

கொண்டாட்டத்தன்று காலை அவன் எனக்குப் போன் எடுத்தான். கீபோர்ட் வாசிக்கிறவருக்கு இடுப்பு பிடித்துவிட்டதாம், கட்டிலால் எழும்ப ஏலாதாம். "அண்ணை, கீபோர்ட்டில நாலு கட்டையை அமத்தினால் சரி. உங்களுக்கு அது தூசு. வாறியளோ?" குரல் கெஞ்சியது. சும்மா சொல்லக்கூடாது, எனக்கு உள்ளுக்குள் ஒரே சந்தோசம். என்னிடம்தானே வந்தாய் என்று நினைத்தேன்.

ஆற்றோரம், தொங்கு ரயில் பாதைக்குக் கீழே மேடை போட்டிருந்தார்கள். நல்ல வெயில். முன்வரிசையில் அவன் மனைவி போனைத் தூக்கிப் பிடித்தபடி நின்றாள். அந்தப் பொம்மைக் கீபோர்டை என் முன்னால் வைத்துவிட்டு அவன் சொன்னான்: "அந்த இடத்தில மட்டும் ஒண்டும் போட்டிடாதேங்கோ அண்ணை." "எனக்குப் படிப்பிக்கிறியோ?" என்றேன்.

பாட்டு தொடங்கியது. சனம் முதல் வரியிலேயே கூடப் பாடியது. நாலு கட்டை, நான் அமத்திக்கொண்டிருந்தேன். அந்த இடம் வந்தது. எல்லாம் நின்றது. அவன் தடியை உயர்த்தினான். அவ்வளவு சனமும் மூச்சைப் பிடித்துக்கொண்டு அவனை மட்டும் பார்த்தது. ஒரு சபை அவனை இப்படிப் பார்த்து நான் கண்டதில்லை. என்னையும்தான் ஒரு சபை இப்படிப் பார்த்ததில்லை.

என் கை போய்விட்டது. கல்யாணவீட்டில் போடுவது போல ஒரு நெளிவு, ஒரு வளைவு, மேலே ஏறி ஒரு குலுக்கல். பொம்மைக் கீபோர்ட் எலி மாதிரிக் கீச்சிட்டது. சனம் விழுந்து விழுந்து சிரித்துக் கைதட்டியது. அது பகிடிக்கென்றே செய்தது என்று நினைத்திருப்பார்கள். உயர்த்திய தடியை அவன் மெல்ல இறக்கினான். அந்த அடி விழவேயில்லை. கிட்டார்க்காரர் எப்படியோ பாட்டைத் தொடர்ந்து முடித்து வைத்தார்.

"கைப்பழக்கம், தெரியும்தானே" என்றேன் மேடையால் இறங்கியதும்.

"ஓம் அண்ணை."

கைப்பழக்கம் பாதி. மற்றப் பாதி என்னவென்று எனக்குத் தெரியும். அவனுக்கும் தெரிந்திருந்தது என்றுதான் நினைக்கிறேன். டிரம்மின் காலை மடக்கிக்கொண்டே கேட்டான்.

"ஒண்டு சொன்னால் கோவிக்கமாட்டியளோ?"

"சொல்லு."

"எங்கட குழுவில நான் அடிக்கிறது எனக்கே கேக்கிறேல்லை அண்ணை. இருபது வருசம். இதிலதான் எனக்குக் கேட்டது." பிறகு டிரம்மைப் பைக்குள் வைத்து ஜிப்பை இழுத்து மூடினான். "ஆவணிக் கலியாணத்துக்கு வேறை ஆளைப் பாருங்கோ."

நான் கத்தினேன். நன்றி கெட்டவன் என்றேன். உன்னைப் பழக்கி எடுத்தவன் நான் என்றேன். அவன் பையைத் தோளில் போட்டுக்கொண்டு கிட்டார்க்காரரின் பக்கம் நடந்தான். இரண்டு கிழமைக்குப் பிறகு, இடுப்பு சரியான அந்த மனுசனோடு சேர்ந்து வேறோர் இடத்தில் அதே பாட்டை அடித்தார்கள். அவன் மனைவி வீடியோ போட்டிருந்தாள். எல்லாம் நிற்கிறது, அந்த ஒரு அடி விழுகிறது, சனம் கத்துகிறது. பதினொரு தடவை பார்த்தேன்.

ஆவணிக் கல்யாணம் கொலோனில். வேறு ஆள் கிடைக்கவில்லை. நானும் மனதாரத் தேடவில்லை. கீபோர்டில் ஒரு பொத்தான் இருக்கிறது, அமத்தினால் டிரம்ஸ் தானாக ஓடும். அந்த ஜெர்மன் பாட்டில் நான் அத்தனை வருடம் நக்கலடித்த அதே வேலை. அமத்தினேன். பாடகர் பாடினார், சனம் ஆடியது, தாலி ஏறியது. டிரம்ஸ்காரன் எங்கே என்று ஒருவர்கூடக் கேட்கவில்லை.

சாப்பாட்டு நேரம் பெண்ணின் தகப்பன் வந்து என் கையைப் பிடித்தார்.

"அண்ணை, இண்டைக்கு டிரம்ஸ் அந்தமாதிரி! அந்த ஆளுக்கு நான் சொன்னனெண்டு கட்டாயம் சொல்லுங்கோ."

திரும்பிப் பார்த்தேன். பூச்சோடனைக்கும் ஸ்பீக்கர் பெட்டிக்கும் நடுவில் பாடகரின் ஜாக்கெட் கிடந்தது.

"ஓம், சொல்லுறன்" என்றேன்.