எல்லாத் தாளிலும் பதினெட்டு

சுற்றுவட்டாரப் பள்ளிகளின் கணக்கு ஆசிரியர்கள் அவளுக்கு வைத்த பெயர் தொணதொண டீச்சர். நியாயமான பெயர்தான். ஒவ்வொருவர் வீட்டுக்கும் நடையாய் நடந்து, கெஞ்சி, கோபித்து, மாதம் ஒரு சனிக்கிழமை எல்லோரையும் ஓரிடத்தில் உட்காரவைத்தவள் அவள். தன் பாடம் எங்கே சறுக்கியது என்று ஒருவருக்கொருவர் மனம்விட்டுச் சொல்லிக்கொள்ள வேண்டும் என்பது ஏற்பாடு. நடந்தது வேறு. டீ குடித்தார்கள், மின்விசிறிக்குக் கீழே இடம் பிடித்தார்கள், தலைமையாசிரியர்களைத் திட்டினார்கள். தன் பாடம் சறுக்கியதாக மட்டும் ஒருவரும் வாய் திறக்கவில்லை.

கூடுவதற்கு இருந்தது அவள் பள்ளியின் மாடி அறை. "உருப்படியா ஏதாவது காட்டுங்க. இல்லைன்னா அறையை மூடிடுவேன்" என்று கல்வி அதிகாரி சொல்லிவிட்டார். அதற்காகத்தான் எல்லாப் பள்ளிக்கும் பொதுவாக ஒரு தேர்வு வைத்தார்கள். ஒரே கேள்வி, விடை மட்டும் எழுதினால் போதும், திருத்துகிறவர்களுக்கு வேலை மிச்சம். கேள்வியை அவளே போட்டாள். ஆறு மீட்டர் நீளம், மூன்று மீட்டர் அகலம் உள்ள அறையின் தரைப் பரப்பு என்ன? பிள்ளைகள் வெளுத்து வாங்கிவிட்டார்கள். எல்லாத் தாளிலும் பதினெட்டு. சனிக்கிழமை அதிகாரியே நேரில் வந்து பாராட்டப்போவதாகச் செய்தி வந்தது.

வெள்ளிக்கிழமை வகுப்பில், சும்மாதான், ஐந்துக்கு நான்கு என்று ஒரு தரையைப் பலகையில் வரைந்தாள். இருபது வர வேண்டும். வகுப்பே ஒரே குரலில் "பதினெட்டு!" என்றது.

"எப்படி?"

"நாலு பக்கத்தையும் கூட்டினோம் டீச்சர். பரீட்சையிலயும் அப்படித்தானே போட்டோம்?"

ஆறையும் மூன்றையும் பெருக்கினாலும் பதினெட்டு, நான்கு பக்கத்தைக் கூட்டினாலும் பதினெட்டு. உலகத்தில் இத்தனை எண்கள் இருக்க, இதையா தேடிப் பிடித்துப் போட்டோம் என்று தன்மீதே ஆத்திரம் வந்தது. சாக்பீஸை மேசையில் எறிந்தாள்.

வீட்டில் அக்காவிடம் கொட்டினாள். ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்து ஓய்வுபெற்ற அக்கா, துணி மடித்தபடியே கேட்டாள்.

"மாத்திரை போட்டுட்டு தெர்மாமீட்டர் வச்சா நார்மல்னுதான்டி காட்டும். நோய் போயிடுச்சுன்னு அர்த்தமா?"

"சொன்னா அறை போயிடும்க்கா."

"சொல்லாட்டி?"

"பிள்ளைங்க இப்படியே அடுத்த கிளாஸுக்குப் போகும்."

"அப்புறம் என்ன கேள்வி? அந்தப் போர்வை நுனியைப் பிடி."

சனிக்கிழமை, அதிகாரியின் முன்னால் எழுந்து எல்லாவற்றையும் சொன்னாள். முதலில் வெடித்தவர் கூட்டத்திலேயே மூத்தவரான மீசை சார்.

"ஏன் டீச்சர், உங்க வாய் சும்மாவே இருக்காதா? அவர் பாராட்டிட்டுப் போகட்டுமே! அப்புறமா நாங்க சரிபண்ணிக்க மாட்டோமா?"

"பண்ணியிருப்பீங்களா சார்?"

"எங்க பசங்க பெருக்கித்தான் போட்டாங்க!"

"கேட்டுப் பாத்தீங்களா?"

அதற்குள் அதிகாரி எழுந்துவிட்டார். "தப்பாக் கேள்வி போடறதுக்கா ஒரு அறை?" என்று சொல்லிவிட்டு, டீயைத் தொடாமல் கிளம்பினார். அடுத்த வாரமே மாடி அறையில் உடைந்த பெஞ்சுகளை அடுக்கிப் பூட்டிவிட்டார்கள். உடைந்த பெஞ்சுக்கு மின்விசிறி! அதுதான் அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

மறு மாதம் சைக்கிள் கொட்டகையில் நாற்காலிகளைப் போட்டாள். ஈ காக்காய் வரவில்லை. மனதுக்குள் எல்லோரையும் வைதபடி நாற்காலிகளை மடக்கும்போது மீசை சார் வந்தார். அக்குளில் ஒரு தாள்கட்டு, முகத்தில் சிடுசிடுப்பு.

"ஒண்ணை விட்டு வைங்க" என்றார். "அஞ்சுக்கு நாலு போட்டுப் பாத்தேன். எங்க கிளாஸும் பதினெட்டுதான். ஒருத்தன்கூடத் தேறலை."

"உக்காருங்க."

"டீ இல்லையா?"

"அதிகாரிக்கு வாங்கினதோட சரி."

முனகிக்கொண்டே கட்டைப் பிரித்தார். "இத்தனை வருஷமா நான் சொல்லிக்கொடுத்தது எங்கதான் போச்சு? இப்ப இதை எப்படிச் சொல்லித் தொலைக்கிறது?"

"இதை அந்த மாடி அறையில கேட்டிருக்கக் கூடாதா சார்?" என்று எரிந்து விழுந்தாள் அவள். பிறகு மடக்கிய நாற்காலியில் ஒன்றைப் பிரித்துப் போட்டு, அவர் எதிரில் உட்கார்ந்து, முதல் தாளை வாங்கினாள்.